கேட்காமல் அறுத்த மரம்

கிணுக்கென்று ஒரு சத்தம். இன்ஜின் இரைச்சலுக்கும் அடியில், கிணற்றுத் தண்ணீருக்குள் வளையல் விழுந்ததுபோல, அவ்வளவு சின்னதாகத்தான் கேட்டது. தவசி அப்போது கண்ணை மூடியிருந்தான். மரம் அறுக்கிற மிஷினை அதன் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகும்போது கண்ணை மூடிக்கொள்வது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. மரத்தூள் கண்ணில் விழுகிறது என்று கூட வேலை செய்கிற ஒச்சுவிடம் சொல்லியிருந்தான், ஆனால் அதற்காக இல்லை. கண்ணை மூடினால்தான் கைப்பிடி பேசும். பிளேடு மரத்துக்குள் எங்கே இருக்கிறது, நேராகப் போகிறதா, மேலே ஏறப் பார்க்கிறதா, நடு வைரத்தைக் கடிக்கிறதா ஓரத்து வெள்ளையைக் கடிக்கிறதா, எல்லாம் கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். இப்போதும் வந்தது. அந்தச் சத்தத்தோடு ஒரு சின்ன உதறல், சுண்டுவிரலில் தொடங்கி முழங்கைவரை ஏறி அங்கேயே தங்கிவிட்டது. கண்ணைத் திறப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது, ஆணி. காலையிலிருந்தே தெரிந்துதான் இருந்தது என்பதும் கூடவே தெரிந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். கைப்பிடியிலேயே விசை இருக்கிறது, கட்டை விரலை எடுத்தால் போதும், பிளேடு நின்றுவிடும், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அவன் எடுக்கவில்லை. தள்ளிக்கொண்டே போனான், இன்னும் மூன்றடி இருந்தது, அந்த மூன்றடியும் பிளேடு கத்திக்கொண்டே வந்தது, வேறு குரலில், தொண்டை கட்டியவன் பேசுவதுபோல, அவன் கேட்காதவன்போல மறுகோடிவரை தள்ளி வெளியே எடுத்துத்தான் நிறுத்தினான். நிறுத்தியதும் தோப்பே காதுக்குள் வந்து விழுந்தது. மாமரத்தில் அணில். ரோட்டில் நத்தம் போகிற பஸ். புளியம்பலகையின் புளித்த வாடையும், சூடேறிய இரும்பு வாடையும்.

பலகையைத் தாங்கிப் பிடிக்க எதிர்ப்பக்கம் நின்றிருந்த ஒச்சு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு அவனையே பார்த்தான். சத்தம் கேட்கவில்லையா என்றான். கேட்டுச்சு என்றான் தவசி. கேட்டுச்சுன்னா அப்புறம் எதுக்குண்ணே தள்ளுனீக என்று ஒச்சு கேட்டான். பலகையின் ஒரு முனையைப் பிடி என்றான் தவசி. ரெண்டு பேருமாக அந்த நாலாவது பலகையைத் தூக்கி மரக்கட்டைகள்மேல் மல்லாக்கப் போட்டார்கள். இரண்டரை அங்குலக் கனம், ஏழடி நீளம், இரண்டு விளிம்பிலும் பட்டை அப்படியே இருக்க வேண்டும் என்று கொடைக்கானல் ஓட்டல்காரர் கேட்டிருந்தார். அவருடைய ஓட்டலில் இதுதான் மேஜையாம். மேலே கண்ணாடிபோல ஏதோ ஊற்றிக் காயவைப்பார்களாம், அதனால் பலகையின் முகம் பாப்பா கன்னம் மாதிரி இருக்கணும் என்று தன் கன்னத்தையே தடவிக் காட்டினார், சவரம் செய்யாத கன்னம். தவசி தலையாட்டிவிட்டு வந்தான். இப்போது அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து முதலில் கையைத்தான் வைத்தான். நுனியிலிருந்து நாலடிவரை நன்றாக வந்திருந்தது. குறுக்கே மயிரிழைக் கோடுகள், ஒன்றை ஒன்று தொடாமல் ஒரே இடைவெளியில், பல்லுக்கு ஒரு கோடு, உள்ளங்கைக்குத் துணி மாதிரி இருந்தது. இழைப்புளி ரெண்டு தடவை ஓடினால் போதும். பிறகு ஒரு கறுப்பு. அதற்கப்புறம் எல்லாமே வேறு. ஒரு சாணுக்கு ஒரு தரம் ஒரு மேடு, தவறாமல், எண்ணி வைத்ததுபோல. எங்கேயோ நாலைந்து பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன, பிளேடு ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதெல்லாம் அந்த இடம் வந்து ஒரு தழும்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதோடு பலகையே நெளிந்திருந்தது, பிளேடு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஏறி இறங்கியதில் குளத்துத் தண்ணீர்மாதிரி அலை. ஒரே பலகை, ஒரே மரம், முன்னே நாலடி ஒரு ஆள், பின்னே மூன்றடி இன்னொரு ஆள் அறுத்ததுபோல. ஆணிக்கு முன்னால், ஆணிக்குப் பின்னால். அவனுக்கு மகள் ஜோதியின் பரீட்சைப் பேப்பர் ஞாபகம் வந்தது. அரையாண்டுப் பரீட்சை, கணக்கு, முதல் நாலு பக்கம் முத்து முத்தான எழுத்து, அஞ்சாவது பக்கத்தில் ஒரு வரியின் நடுவில் எழுத்து சரிந்து கீழே இறங்கி, அதற்கப்புறம் வெறும் வட்டங்கள். வட்டம் வட்டமாக ரெண்டு பக்கம். டீச்சர் அதை அவனிடம் காட்டியபோது அவன் அதன்மேலும் கையைத்தான் வைத்துப் பார்த்தான். பேனா அழுந்திய தடம் விரலுக்குத் தெரிந்தது. மனசு டாக்டரைப் பாருங்க, லேட் பண்ணாதீங்க என்று டீச்சர் சொன்னதற்கும் தலையாட்டினான். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன். ஓட்டல்காரருக்கும், டீச்சருக்கும், மச்சானுக்கும்.

புளிய மரம் அறுக்க வந்தால் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தத் தொழிலில் யாரும் விடாத கேள்வி. மிஷினை டிராக்டரிலிருந்து கழற்றுவதற்கு முன்னால், மரத்தை அளப்பதற்கு முன்னால், அந்த ஊர்க்காரர்கள் யாரையாவது கூப்பிட்டு, இது ஆணி அடிச்ச மரமா என்று கேட்டுவிட வேண்டும். பேய் பிடித்தவர்களை இழுத்துவந்து உச்சிமுடியை முடிச்சுப் போட்டு ஆணியில் சுற்றிப் புளிய மரத்தில் அடித்துவிட்டு, முடியைக் கத்தியால் அறுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் கூட்டிப் போவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும், ஆளை விட்டுவிடும். சில மரத்தில் ஒன்றிரண்டு, சில மரத்தில் முள்ளம்பன்றி மாதிரி. மரம் ஆணியை விழுங்கி, வாயை மூடி, மேலே பட்டையும் போர்த்திக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது, கேட்டால்தான் உண்டு. ஆமாம் என்றால் நெஞ்சு உயரத்தில் இரண்டடி விட்டுவிட்டுத் துண்டு போட்டு அறுப்பார்கள், விறகுக்குப் போகும். தண்டவாளத்தில் ஓடுகிற இந்த மிஷினை அவன் செல்போனில் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான், ஏதோ தேசத்தில் பனியில் நின்று வெள்ளைக்காரர்கள் அறுக்கிறார்கள், தண்ணீர் எப்படிச் சொட்ட வேண்டும், பிளேடு எவ்வளவு இறுக வேண்டும், எல்லாம் அவர்கள் சொல்லித்தான். ஆனால் இந்தக் கேள்வியை அவர்கள் சொல்லவில்லை, இது இவனாகக் கற்றது, முதல் வருஷம் மூன்று பிளேடு போன பிறகு. அதிலிருந்து கேட்காமல் ஒரு புளியையும் தொட்டதில்லை. இன்று காலை தோப்புக்குள் வந்ததும் ஒச்சு ரெண்டு தரம் ஞாபகப்படுத்தினான். மாட்டுக்குச் சோளத்தட்டை அறுத்துக்கொண்டிருந்த ஒரு பொம்பிளை இருந்தாள், கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் அவள் ஆமாம் என்பாள். எத்தனை என்று கேட்க வேண்டும். யார் யாருக்கு என்று அவளே சொல்ல ஆரம்பிப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவனுக்குத் தெம்பில்லை, ஏனென்றால் இன்று புதன், வெள்ளிக்கிழமை ஜோதிக்கு அடிக்கிறார்கள்.

மச்சான் பெரியகருப்பன்தான் எல்லா ஏற்பாடும். அவன் மனைவி ராமுத்தாய்க்கு அண்ணன். தவசி கல்யாணமானதிலிருந்து மனைவியின் ஊரில் இருப்பவன், அங்கே அவன் பேச்சு எப்போதும் கடைசியில்தான் வரும், வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். பேயோட்டுகிற கோடாங்கிக்குச் சொல்லியாச்சு, சேவல் வாங்கியாச்சு, ஓடைக்கரைப் புளி ஒன்று பார்த்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, மாப்ள, புள்ளைய நீங்கதான் பிடிக்கணும், தோளை அமுக்கிப் பிடிக்கணும், தகப்பன் பிடிச்சாத்தான் அது அசையாம நிக்கும், மரத்தைப் பிடிச்ச கைதானே உங்களுக்கு, என்று சொல்லிச் சிரித்தார். தவசியும் சிரித்தான் என்றுதான் நினைக்கிறான். சிரித்திருக்கக் கூடாது. அடுப்படியில் ஜோதி நின்றாள், கேட்டிருப்பாள், அவளுக்கு இப்போதெல்லாம் எதுதான் கேட்கவில்லை. துவைக்கிற கல்லுப் பக்கமிருந்து யாரோ கூப்பிடுகிறார்களாம். நாகஜோதி என்று முழுப்பெயரும் சொல்லி, அதட்டாமல், மெதுவாக. ரெண்டு மாசமாகத் தூக்கமில்லை, சுவரைப் பார்த்து நிற்கிறாள், பல் தேய்க்கப் போனால் திரும்ப வருவதில்லை, போய்ப் பார்த்தால் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றுகொண்டு, அப்பா உங்களுக்குக் கேக்கலயா, என்பாள். கேட்கவில்லை என்று சொல்லிவிடுவான். பிறகு படுத்துக்கொண்டு யோசிப்பான். அவனுக்கும்தானே கேட்கிறது. பதினோரு வருஷம் இன்ஜின் பக்கத்தில் நின்ற காது, படுத்ததும் உள்ளே மிஷின் ஓட ஆரம்பித்துவிடும், ஊயென்று ஒரே சுருதியில் விடியவிடிய, ஊரே அடங்கியிருக்கும்போது அவன் மட்டும் இல்லாத மரத்தை அறுத்துக்கொண்டு கிடப்பான். அதற்கு யாரும் அவன் உச்சிமுடியைத் தேடவில்லை. அவனுக்குக் கேட்டால் தொழில், அவளுக்குக் கேட்டால் பேய். இதை ஒருநாள் மச்சானிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பான். சொல்லும்போது என்ன முகத்தோடு சொல்வது என்பதுவரை நினைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பான். மறுநாள் மிஷின் தள்ளும்போது அதே நினைப்பு வரும், சொன்னால் மச்சான் என்ன சொல்வார், ராமுத்தாய் எந்தப் பக்கம் பேசுவாள், அங்கே வந்ததும் அவனை அறியாமல் கை நின்றுவிடும். ஒரு நொடிதான். பிளேடு ஓடிக்கொண்டிருக்க மிஷின் நகராமல் நின்றால் நின்ற இடத்தில் பலகையில் ஒரு பள்ளக்கோடு விழும். போன மாசம் வடமதுரையில் அறுத்த வேப்பம்பலகை முழுக்க அப்படித்தான், அடிக்கு ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒன்று. அண்ணே, தாயம் ஆட நீங்களே கட்டம் போட்டுக் குடுத்துட்டீக, சோழி மட்டும் அவுக வாங்கிக்கிட்டாப் போதும், என்று ஒச்சு சொன்னான். இவனும் சிரித்தான். ஆனால் அந்தக் கோடு ஒவ்வொன்றும் எந்த நினைப்பில் விழுந்தது என்று அவனால் சொல்லியிருக்க முடியும். இது மச்சான். இது டீச்சர். இது அந்தப் பிள்ளை பிரஷ்ஷோடு நின்றது.

அண்ணே, தோண்டவா வேண்டாமா, என்றான் ஒச்சு. இரும்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தெரியாமல் அடுத்த பலகை போட முடியாது. மரத்தில், அறுபட்ட முகத்தில், கறை இன்னும் பெரிதாக இருந்தது. புளியின் வைரம் நாவல்பழ நிறம், அதற்கு நடுவில் மையைக் கொட்டியதுபோல் கருநீலம், வால் நட்சத்திரம் மாதிரி மரத்தின் நெடுக்கில் ஒரு முழம் ஓடியிருந்தது. அதன் தலையில் ஆணியின் வெட்டுவாய் புதிதாக மினுங்கியது. தவசி உளியை வைத்துச் சுற்றிலும் செதுக்கினான். மெதுவாக. மரம் ஆணியை இறுக்கியிருந்தது, ஆனால் ஆணியைச் சுற்றி ஒரு சின்னப் பொந்து, பழைய பட்டை உள்ளே மடங்கி மாட்டிக்கொண்ட இடம், அதற்குள் உளி நுனி பட்டதும் தேங்காய் நார்மாதிரி ஏதோ வந்தது. ஒச்சு சட்டென்று பின்னால் போனான். தொடாதீக என்றான், குரலில் விளையாட்டு இல்லை. முடி. துருவில் ஊறிச் செம்பட்டையாகி, ஆணியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சும் போட்டிருந்தது. முடிச்சு அவிழவே இல்லை. தவசி உளியைக் கீழே வைத்தான். பேய் இல்லை என்று அவன் ஒருநாளும் சொன்னவனில்லை, இருக்கிறது என்றும் சாதித்தவனில்லை. இவ்வளவு காலம் இந்த மரத்துக்குள் கட்டிப்போட்டு வைத்திருந்த ஒன்றை இப்போது குறுக்கே அறுத்துவிட்டான், கத்தக் கத்த அறுத்தான், அது வெளியே வந்தால் யாரிடம் போகும், கையில் மரத்தூளோடு வீட்டுக்குப் போகிறவன் பின்னால்தானே வரும், வீட்டில் ஏற்கெனவே கதவு திறந்து கிடக்கிற ஒரு பிள்ளை இருக்கிறாளே. கேட்டிருந்தால் இந்த இரண்டடியை ஒதுக்கியிருப்பான். இப்படியும் ஒரு நினைப்பு. அடுத்த நொடியே இன்னொன்று. இது யாரோ ஒருத்தியின் தலைமுடி. அவள் தலை இவ்வளவு உயரத்தில்தான் இருந்திருக்கும். அவன் மரத்தின் வளையங்களை நகத்தால் எண்ணினான், ஆணியின் கொண்டையிலிருந்து பட்டைவரை, பதினெட்டு எண்ணியதும் கண் கலங்கியதா மரத்தூளா என்று தெரியவில்லை, மறுபடி முதலிலிருந்து எண்ணினான். இருபதோ இருபத்தொன்றோ. ஜோதிக்குப் பதினேழு. இந்தப் பெண் இப்போது எங்கே இருப்பாள், இருப்பாளா.

காலையில் தட்டை அறுத்த அந்தப் பொம்பிளை கூடையோடு வந்து நின்றிருந்தாள். தோப்பு வேலைக்காரி, குருவம்மா என்று தோப்புக்காரர் கூப்பிட்டதைக் கேட்டிருந்தான், நாற்பதுக்குள் இருக்கும். மாட்டுக் கொட்டத்தில் பரப்ப மரத்தூள் அள்ளிக்கொள்ளட்டுமா என்று கேட்க வந்தவள், அவன் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்த ஆணியையும் முடியையும் பார்த்துவிட்டாள். கூடையைக் கீழே வைத்தாள். ஏண்ணே, அறுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, நான் பாட்டுக்கு நிக்கிறேன், பெரிய மிஷின்காரராச்சே, தெரியாமயா இருக்கும்னு இருந்துட்டேன், என்றாள். ஒச்சு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பீடியைப் பற்றவைத்தான். அவள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள், பயப்படவில்லை, கடையில் சேலையைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“என்னுதாவும் இருக்கலாம்,” என்றாள். “எங்க தெருவுல நாலஞ்சு பேத்துக்கு இதுலதான் அடிச்சாக. எது யாருதுன்னு எப்படிச் சொல்றது. எல்லா முடியும் கறுப்புத்தானே அப்ப.”

தவசிக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அப்போது எத்தனை வயசு என்று கேட்டான். பதினேழு முடிஞ்சிருந்துச்சு என்றாள். தாய்மாமனுக்குக் கட்டி வைத்தார்களாம், கட்டி ஒரு மாசத்தில் பேச்சு நின்றுவிட்டதாம். சோறு வைத்தால் சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். உடுக்கை அடித்தார்கள், தலையில் கல்லைத் தூக்கி வைத்து ஊரிலிருந்து இந்த மரம்வரை ஓடவிட்டார்கள், மழை பெய்திருந்தது, காலெல்லாம் சேறு. இதையெல்லாம் அவள் மரத்தூளைக் கூடையில் அள்ளிக்கொண்டே சொன்னாள், ஒரு கை அள்ளுவதும் ஒரு வார்த்தையும், யாருக்கோ நடந்ததைப்போல. போன மாசம் அவள் மகன் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம், அதையும் நடுவில் சொன்னாள். கூடை பாதி நிறைந்ததும் நிமிர்ந்தாள்.

“எங்கப்பாதான் தோளைப் பிடிச்சிருந்தாரு. அது ஒண்ணுதான் இன்னும் இருக்குண்ணே. ஆணியெல்லாம் மறந்துபோச்சு. பேய்க்கு வலிச்ச மாதிரித் தெரியல, எனக்குத்தான் வலிச்சுச்சு. திரும்பி அவரு மூஞ்சியப் பாக்கலாம்னு பாத்தேன், அவரு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தாரு.”

“போயிருச்சா?” என்றான் தவசி. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை, மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

“போயிருச்சுன்னாக. நானும் ஆமான்னுட்டேன்.” அவள் சிரித்தாள். “இல்லேன்னா இன்னொரு ஆணியில்ல எடுத்துட்டு வருவாக.”

பலகை எங்கே போகிறது என்று கேட்டாள். கொடைக்கானல், ஓட்டலில் மேஜை போட, என்று ஒச்சு சொன்னான். எங்க முடி சுத்துன மரத்துல இட்லி வச்சுத் திங்கப் போறாகளா, நல்லாத் திங்கட்டும், என்று சொல்லிவிட்டு, குடுங்க என்று கையை நீட்டினாள். தவசி அந்த வெட்டுப்பட்ட ஆணியை முடியோடு அவள் கையில் வைத்தான். என்ன செய்வாள் என்று கேட்கத் தோன்றியது. அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, வெற்றிலைப் பையைச் செருகுவதுபோலத்தான், கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கொட்டத்துப் பக்கம் நடந்தாள். கழுத்து ஆடவில்லை.

அவன் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்தான். அவளுடைய அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அவனும் மூடுவான், வெள்ளிக்கிழமை, நிச்சயமாக மூடுவான், கண்ணை மூடினால்தான் கைப்பிடி பேசும் என்று இருக்கிறவன், அந்தத் தோள் பேசுவது அத்தனையும் உள்ளங்கைக்கு வரும். எலும்பு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திமிறுகிறது, எப்போது திமிறுவதை விட்டது. விட்டதும் மச்சான் பாருங்க மாப்ள போயிருச்சு என்பார். ஆனால் பிடிப்பதே தப்பா. ஒரு தரம் பிடித்திருக்கிறானே. அப்போது ஜோதிக்கு நாலு வயசு, அம்மிக்கல்லில் விழுந்து புருவம் கிழிந்து, கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் தையல் போட்டபோது இதே தோளை இதே கையால் அமுக்கிப் பிடித்தான், அசையவிடாமல், நர்ஸ் நல்லாப் பிடிங்க நல்லாப் பிடிங்க என்றாள், பிடித்தான். அன்றைக்கும் கத்தினாள். அதுவும் தகப்பன் பிடித்ததுதான். அதுவும் வலிதான். அப்போது ஏன் அவனுக்கு அது தப்பென்று தோன்றவில்லை. அதையே பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான், தையல், ஆணி, ஊசி, முடி, நர்ஸ், கோடாங்கி, எல்லாம் ஒன்றுபோலவும் இருந்தது, ஒன்றுபோல இல்லாமலும் இருந்தது, எங்கே வித்தியாசம் என்று விரல் வைக்க முடியவில்லை. அன்றைக்கு அவன் கண்ணை மூடவில்லை. அதுதான். அவள் முகத்துக்கு நேரே குனிந்து, இங்க பாரு, அப்பாவைப் பாரு, இன்னும் ஒண்ணே ஒண்ணு, என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவளும் கத்திக்கொண்டே அவனைத்தான் பார்த்தாள். முடிந்ததும் அவன் தோளிலேயே தூங்கிப்போனாள். பஸ்ஸில் வரும்போது வாயிலிருந்து எச்சில் ஒழுகிச் சட்டை நனைந்தது. வெள்ளிக்கிழமை அவள் திரும்பிப் பார்த்தால் என்ன சொல்வான். அப்பாவைப் பாரு என்று சொல்ல முடியுமா. சொல்ல முடியாத இடத்தில் பிடிக்கக் கூடாது. இவ்வளவுதானா, இதற்குத்தானா ரெண்டு மாசம். போனை எடுத்தான், மரத்தூள் ஒட்டிய விரலை அது ஏற்றுக்கொள்ளவில்லை, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினான்.

ராமுத்தாய் எடுத்ததுமே பதறினாள், வேலை நேரத்தில் அவன் கூப்பிடுகிறவன் இல்லை, கையில காலில பட்டுருச்சா என்றாள். ஒன்றுமில்லை என்றான். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றான். அவளுக்கு விளங்கவில்லை, எது வேண்டாம் என்றாள். கோடாங்கி வேண்டாம், ஆணி வேண்டாம், நாளைக்கு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம், நீ நான் அவ, மூணு பேரும், டீச்சர் சொன்ன டாக்டரைப் பாப்போம், என்று ஒரே மூச்சில் சொன்னான், நடுவில் நின்றால் அங்கேயே நின்றுவிடுவோம் என்று பயந்து. அண்ணன் என்றாள் அவள். அண்ணன் சேவல்கூட வாங்கிக் கட்டிப்போட்டிருக்காரே, நான் என்னத்தச் சொல்றது.

“சேவலக் குழம்பு வைக்கச் சொல்லு. மச்சானுக்கு நான் சொல்லிக்கிறேன். ராத்திரி வந்ததும் அவரு வீட்டுக்குப் போயிட்டுத்தான் நம்ம வீட்டுக்கு வருவேன்.”

அவர் சண்டைக்கு வருவார் என்றாள். வரட்டும் என்றான். ஆஸ்பத்திரியில் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் யார் கட்டுவார்கள் என்று அழ ஆரம்பித்தாள். அவளும் இதை ரெண்டு மாசமாக உள்ளே வைத்திருந்தாள் என்று அப்போதுதான் அவனுக்குப் பட்டது. அவள் அண்ணனுக்காகப் பேசவில்லை. அவளுக்கும் கண்ணை மூடிக்கொள்ள ஒரு இடம் வேண்டியிருந்திருக்கிறது. தெரியலடி, யாரு கட்டுவான்னு தெரியல, முதல்ல தூங்கட்டும் அவ, என்றான். அழுகை கொஞ்சம் அடங்கியதும், அவகிட்டக் குடு என்றான். போன் கை மாறுகிற சத்தம், ஏதோ பாத்திரம், பிறகு ஜோதி. மூச்சு மட்டும். அவளைக் கூப்பிடுகிற அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாளோ, இவன் குரலும் அதோடு சேர்ந்து இன்னொன்றாகப் போய்விட்டால் எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பாள் என்று அவனுக்குப் புதிதாக ஒரு பயம்.

“அப்பா,” என்றாள். “மிஷின் சத்தத்தையே காணோம்.”

“நிப்பாட்டியிருக்கேன்மா.”

“ஏன்?”

“பல்லு போயிருச்சு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன்னை யாரும் பிடிக்க மாட்டாக. நானும் பிடிக்க மாட்டேன். நாளைக்கு டாக்டர்ட்டப் போவோம், நீ எனக்குச் சொன்னதை அவுககிட்டச் சொல்லு, நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.”

சரி என்று சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான், அது வரவில்லை. கூப்பிடறது நிக்கலப்பா, இப்பவும், என்றாள். கேட்கவில்லை என்று வழக்கம்போலச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். எனக்கும் ராத்திரியில காதுக்குள்ள மிஷின் ஓடும்மா, பதினோரு வருஷமா, உங்கம்மாட்டக்கூடச் சொன்னதில்ல, என்றான். அப்படியா என்றாள். உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்புகிற குரல், ரெண்டு மாசமாகக் கேட்காத குரல். ஒரே மாதிரி ஓடுமா, விட்டு விட்டு ஓடுமா என்று கேட்டாள். ஒரே மாதிரி என்றான். எனக்கு விட்டு விட்டு, என்றாள். பிறகு போன் ராமுத்தாயிடம் போயிருக்க வேண்டும், சீக்கிரமா வாங்க என்று அவள் குரல்தான் கடைசியாகக் கேட்டது.

ஒச்சு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எதையும் கேட்காதவன்போல மரத்தைச் சுற்றி வந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தான், கறைக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. இந்த ரெண்டடியை விறகுக்குத் தள்ளிடலாமா, மிச்சம் ரெண்டு பக்கமும் சின்னப் பலகைதான் வரும், ஓட்டல்காரருக்கு நாலு மேஜை குறையுமே, என்றான். நாலு குறையும்னு நானே சொல்றேன், ஏன்னும் சொல்றேன், என்றான் தவசி. அண்ணே இன்னைக்கு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கீக, என்று ஒச்சு முனகிவிட்டுக் கைரம்பத்தை எடுத்துவந்தான். குறுக்கே அறுத்து நடுத்துண்டை உருட்டிவிட ரெண்டு பேருக்கும் அரைமணிக்கு மேலாகிவிட்டது. வெயில் மாமர உயரத்துக்கு இறங்கியிருந்தது. தவசி மிஷினின் மூடியைத் திறந்து, பல் போன பிளேடைத் தளர்த்தி எடுத்து மூன்று வளையமாக மடக்கிக் கட்டினான். பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து உதறி விரித்து, ரெண்டு சக்கரத்திலும் மாட்டி, திருகை இறுக்கினான். கையால் ஒரு சுற்றுச் சுற்றவிட்டுப் பார்த்தான். தண்ணீர் கேன் காலியாகக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மோட்டார் தொட்டிக்குப் போனான், நிரப்பிக்கொண்டு வந்து மாட்டினான், குழாயைக் கொஞ்சமாகத் திறந்தான். பிளேடின்மேல் சொட்டு சொட்டாக விழ ஆரம்பித்தது. ஒச்சு எதிர்ப்பக்கம் போய் நின்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டான்.